நல்ல பங்கு

ஜூலை 22, செவ்வாய். மகதலா மரியா திருநாள்.

இல்லை, அழவில்லை. வாசலில் தங்கையைப் பார்த்ததும் கண் அப்படி ஆகிவிட்டது, அவ்வளவுதான்.

இயேசுவின் கல்லறையருகே நின்ற மரியாவிடம் கேட்கப்பட்ட கேள்வி — ஏன் அழுகிறாய், யாரைத் தேடுகிறாய். அதை வைத்துத்தான் காலை ஆறு மணிக்குப் பங்கின் — எங்கள் கோவில் வட்டாரத்தின் — வாட்ஸ்அப் குழுவுக்கு அன்றாடச் சிந்தனை அனுப்பியிருந்தேன். நூற்றைம்பது சொற்கள். ஏழு மணிக்கு அதே கேள்வியைத் தங்கை கேட்டாள். கையில் ஒரு பை, தலையில் முக்காடு இல்லை. மூன்று வருடமாகக் கன்னியர் மடத்தில் இருப்பவள். துறவற வாக்குறுதியான வார்த்தைப்பாட்டுக்கு இன்னும் ஒரு மாதம்தான்.

“ஏன்க்கா அழற? நான்தானே அழணும்?”

அம்மா அவளுடைய குட்டை முடியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு கதவைச் சாத்தினாள்.

“யாரு கேட்டாலும் லீவுல வந்திருக்கான்னு சொல்லு.”

சொல்லச் சொன்னது என்னிடம்.

ஜூலை 23

விதைப்பவர் உவமை. ஒரு வரிகூட வரவில்லை. போன வருடம் எழுதியதையே தேதி மாற்றி அனுப்பினேன். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒரே நிமிடத்தில் ‘அருமை’ என்று போட்டார். வழக்கம்போல.

ஜூலை 24, வியாழன்

கண்டும் காணாதவர்களைப் பற்றிய வாசகம். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவளுக்கு இதைவிடச் சுலபமாக ஒன்று அமையாது. இருந்தும் எழுத முடியவில்லை.

நாளெல்லாம் என் முதுகுக்குப் பின்னால், திரைக்கு அந்தப் பக்கம், கண் பரிசோதிப்பவர் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். “இது தெளிவா இருக்கா... இப்ப இது? முதல்லதா, ரெண்டாவதா?” இன்று ஒரு பெரியவர் அலுத்துப்போனார். “ரெண்டும் ஒண்ணுபோலத்தாங்க தெரியுது. நீங்களே ஒண்ண முடிவு பண்ணிடுங்க.”

நான் கண்டும் காணாமல் வைத்திருப்பது: பல்கலைக்கழகக் கடிதம். ஆய்வுக்கு இடம். வேறு ஊர், நான்கு வருடம். முப்பத்தொன்றுக்குள் பதில் சொல்ல வேண்டும். மூன்று வருடத்துக்கு முன்பும் இப்படி ஒன்று வந்தது. அதே வாரத்தில்தான் தங்கை தனக்குத் தேவ அழைத்தல், மடத்துக்குப் போகிறேன் என்றாள். இரண்டு பேரும் போய்விட்டால் அம்மாவோடு யார்? கடவுளை மறுக்க முடியாது. பல்கலைக்கழகத்தை மறுக்கலாம். மறுத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது அவள் வீட்டோடு இருந்துவிட்டால் நான் போகலாம்.

எழுதிவிட்டேன். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கிறது.

ஜூலை 25, வெள்ளி. புனித யாக்கோபு.

செபதேயுவின் மனைவி தன் மகன்களுக்கு இடம் கேட்கிறாள். வலப்பக்கம் ஒருவன், இடப்பக்கம் ஒருவன். அம்மா எதையும் கேட்டதில்லை. ஆனால் ‘சிஸ்டரோட அம்மா’ என்று கோவிலில் முன்வரிசை தானாகக் கிடைத்தது. இன்று பூசை முடிந்ததும் பங்குத்தந்தை கேட்டார்.

“சின்னவளுக்கு எத்தனை நாள் லீவு?”

“கொஞ்ச நாள், ஃபாதர்.”

பொய் என்னுடையது. அம்மா தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூலை 26, சனி. சுவக்கின், அன்னா.

மாதாவின் பெற்றோர். நற்செய்தியில் இவர்களைப் பற்றி ஒரு வரி கிடையாது. யாரும் இவர்களிடம் எதுவும் கேட்கவில்லை போல.

தங்கை துணி மடித்துக்கொண்டே, “எனக்கு வந்த அழைத்தல் மிஸ்டு காலா இருக்குமோ? திருப்பிக் கூப்பிட்டா எடுக்க மாட்டேங்கிறாருக்கா” என்றாள். சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. முப்பதாம் தேதிவரை யோசிக்கும்படி மடத்துத் தலைமைச் சகோதரி சொல்லியிருக்கிறாராம்.

“நீ சொல்லு. திரும்பிப் போகட்டுமா? நீ எது சொன்னாலும் கேக்கறேன்.”

இரு என்று சொன்னால் அது யாருக்காக? போ என்று சொன்னால் — நல்லவளாகத் தெரிவதற்காக.

“சட்டைக் கையை உள்பக்கமா மடிக்காதடி” என்றேன்.

ஜூலை 27, ஞாயிறு

கேளுங்கள், கொடுக்கப்படும். அவள் கேட்டாள். நான்தான் கொடுக்கவில்லை.

ஜூலை 28, திங்கள்

நாளை மார்த்தாவின் நாள் — தங்கை மரியா இயேசுவின் காலடியில் உட்கார்ந்திருக்க, தனியாய் விருந்து சமைத்துக் குறைபட்ட அக்கா. முன்பு அது அவளுக்கு மட்டும். சில வருடங்களுக்கு முன் நாட்காட்டியில் மரியாவையும் லாசரையும் சேர்த்துவிட்டார்கள். வருடத்தில் ஒரே ஒரு நாள், அதையும் கூடப்பிறந்தவர்களோடு பங்கிட வேண்டும் — எழுதினேன், அடித்தேன். மார்த்தாவும் உட்கார்ந்துவிட்டால் சாப்பாடு யார் போடுவது — அதையும் அடித்தேன்.

“குடு, நான் எழுதறேன்” என்று தங்கை வாசக நூலை இழுத்தாள். உள்ளே கடிதம். அடையாளத்துக்கு நான்தான் வைத்திருந்தேன். மறந்துபோனேனா, மறந்ததுபோல் இருந்தேனா?

இரண்டு முறை படித்தாள்.

“இதுக்கு முன்னாடியும் வந்துச்சா?”

“வந்துச்சு. நீ போன வருஷம்.”

“சொல்லவே இல்லையே, கல்லுளிமங்கி!”

“சாமியோட யாரு போட்டி போடறது?”

கடிதத்தை மடித்து அதே பக்கத்தில் வைத்தாள். பிறகு, “மரியா நல்ல பங்கைத் தேர்ந்துகிட்டான்னு படிச்சப்ப, நம்ம கோவிலைவிட நல்ல பங்கு எந்தத் தெருவுலன்னு கேட்டேனே, ஞாபகம் இருக்கா?” என்றாள். இருக்கிறது. மறைக்கல்வி வகுப்பே சிரித்தது. அப்போது அவளுக்கு ஏழு வயது.

“நீ போ. நான் இருக்கேன்” என்றாள்.

“எனக்காக நீ ஒண்ணும் இருக்க வேணாம்.”

“அம்மாவுக்காக.”

“அம்மாவ மூணு வருஷமா நான் பாத்துக்கலையா?”

“அதான், இனி என் முறை.”

குரல் ஏறியது. நான்தான் தியாகி, இல்லை நான்தான் — இதற்கு ஒரு சண்டை. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள்.

“நான் என்ன லாசரா? நாலு நாளா கல்லறையில கிடக்கேனா, ரெண்டு பேரும் அழுது எழுப்ப? போறவ போ. இருக்கறவ உனக்குப் பிடிச்சா இரு. என்னைப் பங்கு போடாதீங்க.”

திரும்பிப் போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

மூன்று வருடத்தில் நாங்கள் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

ஜூலை 29, செவ்வாய். மார்த்தா, மரியா, லாசர்.

இன்றைக்கு இரண்டு நற்செய்திகளில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். வழக்கமாக எடுப்பது விருந்து நடக்கும் வீடு. மற்றதில், லாசர் இறந்த பிறகு இயேசு வருகிறார் என்று கேட்டதும் மார்த்தா எழுந்து ஊருக்கு வெளியே போகிறாள். மரியா வீட்டில் இருக்கிறாள். யாரும் யாரையும் குறை சொல்வதில்லை. இதை எடுத்தேன். நாற்பது சொற்கள்தான் வந்தன. தலைமையாசிரியர், ‘இன்று மிகவும் சுருக்கம்’ என்று போட்டிருந்தார். ஆக, படிக்கத்தான் செய்கிறார்!

மூவரும் பூசைக்குப் போனோம். அம்மா முன்வரிசைக்குப் போகவில்லை. நடுவில் ஒரு பலகையில் உட்கார்ந்தாள். வலப்பக்கம் ஒருத்தி, இடப்பக்கம் ஒருத்தி.

வெளியே பங்குத்தந்தை வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

“லீவு இல்ல ஃபாதர். வந்துட்டா. திரும்பிப் போவாளான்னு அவளுக்கே தெரியல, எனக்கு எப்படித் தெரியும்?”

“நல்லதும்மா” என்றார். வேறென்ன சொல்வார்.

ஜூலை 30, புதன்

நிலத்தில் புதையல். கண்டவன் இருப்பதையெல்லாம் விற்று அந்த நிலத்தை வாங்குகிறான். விற்றவற்றில் என்னென்ன இருந்தன என்று சொல்லப்படவில்லை.

இன்றைய சிந்தனை தங்கை எழுதியது. முந்நூறு சொற்கள், மடத்துப் பழக்கம். அனுப்பிவிட்டுத் தலைமைச் சகோதரியிடம் தொலைபேசியில் பேசினாள். இந்த வருடம் வார்த்தைப்பாடு இல்லை. அடுத்த வருடம் பற்றி அவள் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை.

வருகிறேன் என்று பல்கலைக்கழகத்துக்குப் பதில் அனுப்பினேன். கடைக்குப் போய் ஷட்டரைத் தூக்கினேன். கண்ணாடிகளை ஒவ்வொன்றாகத் துடைத்து வைத்தேன்.