சுவருக்கு மேல் போன ஒயர்

பூதலூர்

அன்புள்ள பிரபுவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. கடவுள் புண்ணியத்தில் சிங்கப்பூரில் நீ குறைவில்லாமல் இருப்பாய். நாங்களும் நலம் என்றுதான் எழுத வேண்டும், எழுதிவிட்டேன். போனில் பேசினால் மீட்டிங் என்று வைத்துவிடுகிறாய், கடிதத்தை அப்படி வைக்க முடியாது. ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது, சம்பாவுக்கு நாற்று விட்டாயிற்று, அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கிறது.

பழைய கேபிள் நிற்கப்போகிறது, இனி செட்டாப் பாக்ஸ் இல்லாமல் படம் வராது, வீட்டுக்கு ஒன்று பதிய வேண்டும் என்று கேபிள்காரர் முருகையன் சொன்ன அன்றே உன்னிடம் சொன்னேன். நம் லைனில் பிரித்துத்தானே சுவருக்கு மேலே பெரியப்பா வீட்டுக்கும் ஒயர் போகிறது. பாகம் பிரித்து, நடுவில் சுவர் வைத்து, அண்ணன் தம்பி பேச்சு நின்ற பிறகும் அந்த ஒயரை இரண்டு பேரும் தொடவில்லை. அவர்களும் தனியாக ஒன்று பதிய வேண்டும் என்று அப்பா போய்ச் சொல்ல மாட்டார், நான் சொன்னால் வீட்டில் சண்டை வரும் என்றேன். பெரியப்பா எங்கிட்ட பேசுவார், நான் போன் பண்ணிக்கிறேன், நீங்க தலையிடாதீங்கம்மா என்றாய். சொல்லியிருப்பாய் என்று நானும் இருந்துவிட்டேன். நீ போனே பண்ணவில்லை. பிறகு கேட்டதற்கு மறந்துவிட்டேன் என்றுகூட நீ சொல்லவில்லை, பிஸி என்றாய். முருகையன் வந்து நமக்குப் பாக்ஸ் மாட்டிவிட்டு, இது இனி உதவாது என்று அந்த ஒயரைச் சுருட்டிக்கொண்டு போனார். அந்தப் பக்கம் டிவி புள்ளிப்புள்ளியாகிவிட்டது. பாகம் பிரிச்சப்பகூட விட்டு வச்ச ஒயரை இப்ப அறுத்துட்டாங்க என்று பெரியப்பா தெருவில் நின்று ஊர் கேட்கச் சொன்னார். உள்ளே இருந்த அப்பா வெளியே வந்து விவரம் சொல்லவில்லை, அந்த வீம்பை நான் என்ன சொல்ல.

உனக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். சாயங்கால சீரியலில் விளம்பரம் வந்தால் ஞானாம்பாள் பெரியம்மா சுவரோரம் வந்து, அந்தப் பொண்ணு பொழைச்சுக்குவாளா மங்களம் என்று கேட்பார்கள். அப்படியே கத்தரிக்காய் விலை, உன் கல்யாணப் பேச்சு எல்லாம் வரும். ஆண்களுக்குத் தெரியாமல் எங்களுக்கு இருந்த உறவு அவ்வளவுதான். உன் கல்யாணப் பந்தியில் அண்ணன் தம்பி இரண்டு பேரையும் பக்கத்தில் உட்கார வைத்துவிடுவது என்று பேசி வைத்திருந்தோம். ஒரு போன் செய்யாமல் அதைக் கெடுத்தாய். எனக்கு வயிறு எரிகிறது பிரபு. இப்போது அவர்கள் டிஷ் வைத்துவிட்டார்கள், பார்ப்பது அதே சீரியல்தான். டிஷ்ஷில் கொஞ்சம் பிந்தித்தான் வருமாம், நம் வீட்டில் சீரியல் பாட்டு முடிந்த பிறகு அங்கே முடிகிறது. விளம்பரம் வந்ததும் நான் சுவரோரம் போய் நிற்கிறேன், அந்தப் பக்கம் டிவி சத்தத்தைக் கூட்டிவிடுகிறார்கள்.

வேளைக்குச் சாப்பிடு, கண் விழிக்காதே. எவ்வளவு கோபம் இருந்தாலும் என் ஆசி உனக்கு உண்டு. இனி போனை எடுத்தால் முதலில் பெரியம்மாவுக்குப் பண்ணு, ஒயரை அறுக்கச் சொன்னது அம்மா இல்லை என்று சொல். சொல்லிவிட்டேன் என்று என்னிடம் சொல்ல வேண்டாம். அந்தப் பக்கம் சத்தம் குறைந்தால் நானே தெரிந்துகொள்வேன்.

இப்படிக்கு,
உன் அம்மா மங்களாம்பிகை