திருப்பிப் படுக்க வைக்கவும் ஒரு பட்டமா?

அன்புள்ள மச்சான்,

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் முன்பே சொன்னேன். நர்ஸ் வேலைக்கும் சர்வகலாசாலை பட்டம் கொடுக்கும் காலம் வரும் என்று, யுத்தம் தொடங்கும் முன்பே சூரமங்கலம் ஸ்டேஷனில் நின்று சொன்னவன் நான். ஸ்டேஷன் மாஸ்டர் பச்சைக் கொடி காட்டவே மறந்துவிட்டார். மூன்றாம் பாரத்தோடு பள்ளிக்கூடம் நின்றுபோனது உண்மைதான். அதற்குமேல் எனக்குச் சொல்லித்தர அங்கே ஆள் இல்லை.

இன்று காலை குளிக்கப் போனால், கல்லின் மேல் உங்கள் மகள் மறந்துவிட்டுப் போன சிவப்பு கார்பாலிக் சோப்பு. அந்த நெடி மூக்கில் ஏறியதும் ராசிபுரத்தில் நீங்கள் படுத்திருந்த அறை கண்முன் வந்தது. கூடவே உங்கள் தம்பி மேல் கோபமும் வந்தது.

அவள் அந்த நர்ஸ் படிப்புக்குப் போகிறேன் என்றபோது நீங்கள் என்ன கேட்டீர்கள்? "ஏம் மாப்ள, பீ மூத்திரம் அள்ளறதுக்கு நாலு வருசப் படிப்பா?"

"சாதா நர்ஸு டாக்டரு சொன்னதைச் செய்வா மச்சான். பட்டம் வாங்கின நர்ஸுகிட்ட டாக்டரே கேட்டுக்கிட்டுத்தான் செய்வாரு" என்றேன். நீங்கள் சிரித்தீர்கள். நூல் கிடைக்காமல் உங்கள் தறிகள் பாதி நின்றுகிடந்தன. அப்படியும் அனுப்பி வைத்தீர்கள்.

இரண்டாம் வருஷ விடுமுறைக்கு அவள் வந்திருந்தபோது உங்களுக்கு வாதம் வந்து இடது பக்கம் விழுந்தது. காற்றுப் பட்டால் வாதம் ஏறும் என்று உங்கள் தம்பி ஜன்னலைச் சாத்தினார், அவள் திறந்தாள். பட்டினி போடச் சொன்னார். அவள் கஞ்சியைக் கரண்டி கரண்டியாக ஊட்டினாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் உங்களைப் பக்கம் மாற்றிப் படுக்க வைத்தாள். அதற்குத்தான் அவர் கத்தினார்.

"கெடையில கெடக்கற மனுசனை எதுக்குப் புள்ள தோசையாட்டம் திருப்பிப் போடறே?"

"ஒரே பக்கம் படுத்தா ரத்தம் ஓடாதுங்க சித்தப்பா. தோலு செத்துப் புண்ணாயிரும்."

"இதுக்கு ஒரு பட்டம் வேற!"

"இது ஏன்னு தெரியறதுக்குத்தானுங்க பட்டம்."

தான் செய்தது போதாதென்று, என் அக்காவையும் உங்கள் தம்பியின் மனைவியையும் நிற்க வைத்து எப்படித் திருப்புவது என்று காட்டிக்கொடுத்தாள். "உனக்கு எதுக்குக் கண்ணு வாத்தியார் வேலை?" என்றேன்.

"நான் காலேஜுக்குப் போயிட்டா அப்பாவை யாரு பாப்பாங்க மாமா? ஊட்டுக்காரங்களுக்குச் சொல்லிக் குடுக்கறதும் எங்க படிப்புல ஒரு பாடம்."

அந்தப் பாடத்தை அவளுக்குச் சொல்லித் தந்ததே நான்தான் என்று சேலம் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன்.

விடுமுறை முடிந்து அவள் கிளம்பும் முன்பே, இரண்டாம் தடவை வந்த வாதம் உங்களைக் கொண்டுபோய்விட்டது. குளிப்பாட்டும்போது உங்கள் முதுகைத் திருப்பியவர் உங்கள் தம்பிதான். அத்தனை நாள் கிடந்த உடம்பில் ஒரு புண் இல்லை. அவர் பார்த்தார். பார்த்ததை நானும் பார்த்தேன். பார்த்த மனிதர் பேசிய பேச்சா அது? காரியம் முடிந்து, உறவுக்காரர்கள் இலையைவிட்டு எழுந்ததும் ஆரம்பித்தார்.

"கண்டவன் ஒடம்பைத் தொடற படிப்பு போதுமுங்க. அண்ணனே போயாச்சு. தையில ஒரு எடம் பாத்து முடிச்சுரலாம்."

அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். மகள் நிலைக்கதவைப் பிடித்தபடி நின்றாள். பெரிய தலைகள் எல்லாம் "அதுஞ் சரிதான்" என்று ஆட ஆரம்பித்தன. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது. தொடாமலா உங்கள் தம்பி பிறந்தார்? அவரை வெளியே எடுத்த மருத்துவச்சி என்ன, தூர நின்று கூப்பிட்டாளா? நாளைக்கு அவரே விழுந்து கிடந்தால் யார் தொடவேண்டுமாம்?

எழுந்து நின்றேன். "மச்சான் கடைசியா எங் கையப் புடிச்சுச் சொன்னாருங்க. 'எம் புள்ள பட்டம் வாங்கறவரைக்கும் யாரும் குறுக்க நிக்கக் கூடாது மாப்ள'ன்னாரு."

ஆடிய தலைகள் நின்றுவிட்டன. செத்தவர் வார்த்தையைத் தாண்ட யாருக்குத் துணிச்சல் வரும்? உங்கள் தம்பி மட்டும், "நெசமாலுமா?" என்றார்.

"நான் எப்பங்க பொய் சொல்லியிருக்கறேன்?"

என் வாழ்நாளில் முதல் தடவையாக, அப்படிக் கேட்டும் யாரும் சிரிக்கவில்லை.

நேற்று அவளை ரயிலேற்றிவிட்டு வந்தேன். ஜன்னல் வழியாகக் கேட்டாள்: "அப்பா அதை எப்பச் சொன்னாரு மாமா? நான் பக்கத்துலயேதானே இருந்தேன்?" வண்டி சரியான நேரத்தில் ஊதியது. நான்தான் ஊதச் சொன்னேன்.

மச்சான், உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. நீங்கள் கையைப் பிடித்தது நிஜம். அந்தப் பிடி இன்னும் என் கையில் இருக்கிறது. ஆனால் பட்டம் பற்றி நீங்கள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. குழறிக் குழறி நீங்கள் சொன்னது இவ்வளவுதான்: "அந்தப் புள்ளையைக் கொஞ்ச நேரம் தூங்கச் சொல்லு மாப்ள."

மீதியை நான் சேர்த்துக்கொண்டேன்.