இரண்டு காலும் தரையில் இருக்கும் நேரம்

இந்நேரத்தில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள். மகள் இப்போதுதான் தூங்கினாள். அவளுடைய இடது காலைத் தாங்கும் இரும்புப் பட்டையைச் சாயங்காலம் பெட்டியிலிருந்து எடுத்தேன். மூன்று மாதமாகக் கிடந்த தோல்வாரின் அந்துருண்டை வாசனை இன்னும் என் கையில் இருக்கிறது. அதன் அடியில் உன் கட்டம்போட்ட நோட்டு.

நீ மஞ்சள் காமாலையில் இறந்துபோய் இரண்டு வருஷமாகிறது. அதன்பின் வந்த காய்ச்சலில்தான் அவள் கால் சூம்பியது. உனக்குத் தெரியாது.

நாம் பி.எஸ்சி. கடைசி வருஷம் படித்த நேரம். நடக்கும்போது தரை நம் காலை எவ்வளவு தள்ளுகிறது என்று கண்டுபிடிக்கலாம் என்றாய். அதை அளக்கும் தட்டு நம் கல்லூரியில் ஏது? பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்று வந்த உன் அப்பாவின் சினிமா கேமராவில் என்னை நடக்கவிட்டுப் படம் எடுத்தாய். அதைச் சுவரில் விழவைத்து, ஒவ்வொரு படமாக நிறுத்தி, இடுப்பு ஏறி இறங்குவதைப் புள்ளிவைத்து, என் எடையோடு சேர்த்துக் கணக்கிட்டோம். பேராசிரியர் சிரித்தார்.

"தராசே இல்லாம நிறுக்குறீங்களா? மீன்கூடைக்காரம்மா கையால தூக்கிப் பாத்துச் சொல்ற மாதிரி?"

"அவங்க சொன்னா கால் கிலோகூடத் தப்பாது சார்" என்றாய்.

ஒரு கால் மட்டும் ஊன்றியிருக்கும்போது கணக்கு நேராக வந்தது. இரண்டு காலும் தரையில் இருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில் மொத்தம்தான் தெரிந்தது, எந்தக் காலுக்கு எவ்வளவு என்று தெரியவில்லை. "பாதிப் பாதி போடுடி. உனக்கு ரெண்டு காலும் ஒண்ணுதானே" என்றாய்.

அந்தக் கணக்கையே மகளுக்கும் போட்டேன். பட்டை மாட்டும்போதெல்லாம் அழுதாள். அது இல்லாமல் முடியுமா என்று பார்க்க, உன் தம்பியிடம் அதே கேமராவை வாங்கி, எங்கள் தருமபுரம் வீட்டு மொட்டைமாடியில் பட்டையில்லாமல் நடக்கவிட்டுப் படம் எடுத்தேன். இடது கால் தனியாக ஊன்றும் படங்கள் மிகக் குறைவு. 'பட்டை போட்ட பழக்கம்' என்று ஓரத்தில் எழுதிவிட்டு நகர்ந்தேன். மீதியெல்லாம் பாதிப் பாதி. இரண்டும் சமமாகத் தாங்குவதாக வந்தது. நானே பங்கு போட்டால் வேறெப்படி வரும்? டாக்டரைக் கேட்காமல் பட்டையைக் கழற்றினேன்.

இப்போது இடது முட்டி பின்பக்கம் வளைகிறது. எல்லாவற்றையும் சுமந்த வலது கால், பொழுது சாய்ந்தால் வலிக்கிறது.

"கழட்டுனத டாக்டர்ட்ட சொல்லாத. தானா ஆயிடுச்சுன்னு சொல்லு" என்கிறார் என் வீட்டுக்காரர். நாளைக் காலையில் சொல்லத்தான் போகிறேன்.

ஒரு பகல் முழுக்க உன்மேல் பழியைப் போட்டுப் பார்த்தேன். அது நிற்கவில்லை. எனக்கு நீ போட்டது சரி. நடப்பது யார் என்று பார்க்காமல் அவளுக்கும் போட்டவள் நான். ஊகித்த இடத்தையெல்லாம் பென்சிலால்தான் எழுதுவாய், மை தொடமாட்டாய். உன் நோட்டில் இன்றைக்குத்தான் அதைக் கவனித்தேன். என்னுடையதில் எல்லாம் மை. இனி என் கையில் பென்சில்தான்.

பட்டையைப் பார்த்ததும் அவள் கேட்டாள்: "மறுபடியுமாம்மா? நான் நல்லா நடக்குறேன்னு நீதானே சொன்ன?"

அவளுக்கு என்ன சொல்ல? சீக்கிரம் பதில் போடு.