பழனியம்மாள் திரும்பவில்லை

திண்ணனூர் நாடு,
கொல்லிமலை

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம்.

மூட்டுவலி குறைந்ததா? எனக்கு ஒரு குறையும் இல்லை. இங்கே சிக்னல் கிடைப்பதில்லை, அதனால்தான் கடிதம். மழை நின்றுவிட்டது, பயப்படாதீர்கள்.

மண்சரிவில் வீடுகளோடு போட்டோக்களும் புதைந்துவிட்டன. இறந்தவர்களின் முகத்தை உறவினரிடம் கேட்டு வரைந்து கொடுப்பதுதான் நிவாரணக் குழுவில் ஓவியர்களாகிய எங்கள் வேலை.

நேற்று மாதன் என்கிற விவசாயி வந்தார். மனைவி பழனியம்மாளைப் பறிகொடுத்தவர். மூக்கு எப்படி, நெற்றி எப்படி என்று கேட்டேன். கண்ணை மூடிப் பார்த்தார்.

"தெரியலீங்க அம்மணி. ஒத்தையடிப் பாதையில அவ முன்னால போவா, நான் மொளகு மூட்டையோட பின்னால போவேன். முதுகுதானுங்க ஞாபகத்துல நிக்குது."

அதையே வரைந்தேன். பாதை, அள்ளிச் செருகிய கொண்டை, சற்றே சாய்ந்த இடது தோள்.

"அவளேதானுங்க" என்றார். பிறகு தாளைத் தொட்டு, நான் இருப்பதையே மறந்து, மெதுவாகக் கூப்பிட்டார்.

"ஏ புள்ள, கொஞ்சம் திரும்பேன்."

என்னால் அங்கே உட்கார முடியவில்லை.

குளிர் அதிகம், கம்பளிச் சட்டையை அனுப்புங்கள். கூடவே உங்கள் போட்டோ ஒன்றும் வையுங்கள் அம்மா, முகம் நன்றாகத் தெரியும்படி. பஸ் கிளம்புகிறது, கண்டக்டரிடம் இதைக் கொடுத்துவிட ஓடுகிறேன்.

உங்கள் மகள்
ஜெசிந்தா