சீசனில் லீவு கேட்ட மருமகள்

என் பிரியமுள்ள பாக்கியம்,

நீ ஊரை விட்டுப் போன பிறகு வார்டுக் கதை பேச எனக்கு ஆள் இல்லை. நாம் இருவரும் நர்ஸாக இருந்த அதே தீக்காய வார்டில்தான் இப்போது என் மருமகள் ஜெயசீலி இருக்கிறாள். அது உனக்குத் தெரியும். தெரியாததைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

தீபாவளி சீசன் தொடங்கிவிட்டது. பட்டாசுக் கம்பெனிகளில் ஆர்டரை முடிக்க ஆட்களை விரட்டுகிறார்கள். வெம்பக்கோட்டைப் பக்கமிருந்து தீக்காயத்தோடு வருகிறவர்களுக்குக் கட்டில் போதவில்லை. பார்க்க இரண்டே நர்ஸ்கள். ஜெயசீலி வீட்டுக்கு வந்ததும் தலைக்குக் குளிக்கிறாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் குளிக்கிறாள். "கறி வேண்டாம் அத்தை, ரசம் மட்டும் ஊத்துங்க" என்பாள். இப்போது அதுவும் இறங்கவில்லை.

மன அழுத்தம் குறைய ஆஸ்பத்திரியில் வகுப்பு வைத்தார்களாம். "மூச்சு விடச் சொல்லிக் குடுக்காக அத்தை, மூச்சு விட நேரந்தான் குடுக்க மாட்டேங்காக" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை.

அந்தக் காலத்தில் நீ என்ன செய்வாய்? டிரெசிங் முடிந்ததும் பின்பக்கக் குழாயடிக்குப் போய், பட்டாசு முதலாளியிலிருந்து கடவுள்வரை ஒருவரையும் விடாமல் வைவாய். நான் கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள்; "வாயைக் கழுவுடி" என்பேன். "நீங்க ஜெபம் பண்ணுங்கக்கா, நான் வையுதேன். எது முதல்ல மேல போய்ச் சேருதுன்னு பாப்போம்" என்பாய். பிறகு இருவரும் முகம் கழுவிக்கொண்டு உள்ளே போவோம்.

நம் வார்டு வழக்கம் மாறவில்லை. கிறிஸ்துமசுக்கு இந்துக்கள் நீங்கள் டூட்டி பார்ப்பீர்கள் என்பதால், தீபாவளிச் சமயத்தில் கிறிஸ்தவர்கள் நாங்கள் லீவு கேட்பதில்லை. அதில் எனக்குப் பெருமை உண்டு. ஜெயசீலி நேற்றுக் கேட்டுவிட்டாள். "உனக்கு எதுக்குடி தீபாவளிக்கு லீவு? உங்க அத்தை ஒரு சீசன்கூட விட்டதில்லையே" என்று மேட்ரன் எல்லார் முன்னாலும் கேட்டாளாம்.

வந்து சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தாள்.

"நீங்களும் அதையேதான் சொல்லுவீகளா அத்தை? சொன்னா டூட்டிக்குப் போறேன். ஆனா கட்டுப் பிரிக்கையில ஒரு பொம்பளை என்னையப் பாத்து, 'நீ எதுக்குத் தாயி அழுத'ங்கா."

வெந்து கிடக்கிறவள் நர்ஸைத் தேற்றுகிறாள், பாக்கியம்.

எனக்கும் களைப்பாக இருக்கிறது. முட்டி மடங்க மறுக்கிறது. இருந்தாலும் நாளைக் காலையில் கஞ்சி போட்ட சேலையைக் கட்டிக்கொண்டு ஜெயசீலியோடு பஸ் ஏறுவேன். லீவு கிடைக்கும்வரை மேட்ரன் அறையை விட்டு எழுந்திருக்க மாட்டேன். இது உனக்கு நான் தருகிற வாக்கு. "நீங்க ஒரு சீசன்கூட விட்டதில்லையே சிஸ்டர்" என்று என்னிடமும் கேட்பாள். கேட்கட்டும். அவளுக்கு என் பதில் இதுதான்: ஆமாம், விட்டதில்லை. என் பக்கத்தில் பாக்கியம் நின்றாள். இந்தப் பிள்ளை பக்கத்தில் நீ யாரை நிறுத்தியிருக்கிறாய்?

உன் கூடப்பிறவாத அக்கா,
ஆரோக்கியமேரி