குரங்கான கூட்டம் பற்றி

ரிங்லெட் தேயிலைத் தோட்டம்

அன்புள்ள அத்தாவுக்கு மகன் நசுருதீனின் சலாம். நான் சுகமாக இருக்கிறேன். உங்கள் மூட்டுவலியும் அம்மாவின் இருமலும் குறைந்தனவா?

போன வெள்ளிக்கிழமை தேயிலை மலையில் மண் சரிந்தது. எனக்கு ஒன்றுமில்லை. நம் தெரு சீனி இபுறாம்சா இறந்துவிட்டார். அன்று மேல்மலையில் கொழுந்து வெட்டும் முறை என்னுடையது. "நான் ஜும்ஆ தொழுகைக்குப் போகணும், நீங்க போங்கண்ணே" என்று அவரை அனுப்பிவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போனேன்.

அடக்கம் முடிந்ததும் அறையில் எங்களோடு தங்கியிருக்கும் அபூதாஹிர் சொன்னார்: "பிடிக்கக் கூடாதுன்னு தடுத்த சனிக்கிழமையில மீன் பிடிச்ச கூட்டத்த அல்லா குரங்காக்கினான். ஜும்ஆவ விட்டவன மண்ணுக்குள்ள போட்டுட்டான்."

எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

ஊரில் இருந்தபோது, அந்தக் கூட்டம் உடம்போடு குரங்கானது என்பீர்கள் நீங்கள். உருவம் மாறவில்லை, உள்ளம்தான் மாறியது என்று நான் வாதாடுவேன். இப்போது தினமும் கண்ணாடி பார்க்கிறேன். முகம் அப்படியேதான் இருக்கிறது. நான் சொன்னதுதான் சரி, அத்தா.

குளிருக்கு ஒரு கம்பளிக் குல்லாவும் தைலமும் அனுப்புங்கள். இதைக் கொண்டுவருபவரிடம் இபுறாம்சாவின் பை இருக்கிறது. அவர் மனைவியிடம் நீங்களே கொடுங்கள். ஜும்ஆவை விட்டதற்குத் தண்டனை என்று அங்கேயும் யாராவது பேசினால், மறுக்க வேண்டாம்.

லோரி கிளம்புகிறது. துஆ செய்யுங்கள்.

நசுருதீன்