நீ மாற்றிச் சொன்ன வார்த்தை

அக்கா,

இன்று காலையில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டில் யாரோ ரேடியோவைத் திருகினார்கள். பாட்டு விலகி, ஒரு சிங்களக் குரல் கணீரென்று வந்தது. எனக்கு ஒரு வார்த்தையும் புரியாது. ஆனாலும் கை நின்றுவிட்டது. நீ இருந்திருந்தால் பேசாமல் எழுந்து உள்ளே போயிருப்பாய். உன் முப்பதாம் நாள் பூசை முடிந்து இரண்டு நாளாகிறது.

சிலோன் கலவரத்துக்குப் பிறகு தனுஷ்கோடியில் கப்பலை விட்டு நீ இறங்கியதை நினைக்கிறேன். பன்னிரண்டு வருஷம் அங்கே குடும்பம் நடத்தியவள், உடுத்திய சேலையோடு வந்தாய். அத்தானின் கருவாட்டுக் கடையைக் கொளுத்தி, அவரையும், கடையில் வேலை பார்த்த நம் சித்தப்பா மகன் சவரிமுத்துவையும் தெருவில் இழுத்துப்போட்டு வெட்டினார்கள். தமிழர் என்பது ஒன்றே அவர்கள் செய்த குற்றம். நீ எப்படித் தப்பினாய் என்று கேட்டால், "எனக்குச் சிங்களம் நல்லா வரும்ல" என்பாய். அதற்கு மேல் ஒரு சொல் வராது.

தங்கச்சிமடம் கோயிலில் என் பக்கத்தில்தான் முழந்தாளிடுவாய். ஜெபத்தில், பிறர் செய்த தீமையைப் பொறுக்கிற வரி வந்ததும் உன் வாய் மூடிக்கொள்ளும். உனக்குத் துணையாக நானும் மூடிக்கொள்வேன்.

இரண்டு வருஷம் கழித்து, தென்காற்று பலமாக அடித்த ஒரு நாள், பாய் கிழிந்த சிலோன் தோணி ஒன்று நம் தென்கரையில் ஒதுங்கியது. உள்ளே மூன்று சிங்களவர்கள். உதடெல்லாம் வெடித்து, எழுந்து நிற்கத் தெம்பில்லாமல் கிடந்தார்கள். ஊரே கூடிவிட்டது. சித்தப்பா கையில் துடுப்பு.

"ஏலே, போலீஸ் வாரதுக்குள்ள இவனுக யாருன்னு தெரியணும். அவளக் கூட்டிட்டு வாங்க."

ஊரில் சிங்களம் தெரிந்தவள் நீ ஒருத்திதான். நான்தான் வந்து உன்னை அழைத்துப் போனேன். நாம் தோணியை நெருங்கியபோது, மூவரில் இளையவன் அடுத்தவன் காதருகே ஏதோ முணுமுணுத்தான். உன் கால் மணலில் அப்படியே நின்றது.

"என்ன சொல்றான்?" என்றார் சித்தப்பா.

நீ அவனுடைய வெடித்த உதட்டையே பார்த்தாய்.

"ஏத்தா, கேக்குறேன்ல? என்ன சொல்றான்?"

துடுப்பு அவர் தோளுக்கு ஏறிவிட்டது. பின்னால் இன்னும் நாலைந்து துடுப்புகள். நான் உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தண்ணி கேக்குறான் சித்தப்பா."

சொல்லிவிட்டு, பக்கத்தில் நின்ற ஒரு பெண்ணிடம் தண்ணீர்ச் செம்பை வாங்கி, நீயே கொண்டுபோய் நீட்டினாய். குனிந்து அவனிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னாய். செம்பைச் சாய்த்தவன் பாதித் தண்ணீரை நெஞ்சில் கொட்டிக்கொண்டான். துடுப்புகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. அரை மணியில் போலீஸ் வந்து மூவரையும் கூட்டிக்கொண்டு போனது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தில் அந்த வரி வந்தபோது உன் குரல் நிற்கவில்லை. நான் திடுக்கிட்டுத் திரும்பினேன். வீட்டுக்கு வரும் வழியில், தோணியில் அவன் உண்மையில் என்ன சொன்னான் என்று விடாமல் கேட்டேன். பனைமரத்தடியில் நின்று சொன்னாய்.

"கடைத்தெருவ எரிச்ச கூட்டத்துல தானும் இருந்தது தெரிஞ்சா இவங்க கொன்னுருவாங்கன்னு அந்தச் சின்னவன் சொன்னான். எந்த ஊருன்னு சொன்னான். நாங்க இருந்த ஊருதான்."

"அக்கா! அத்தானை வெட்டுனவனே அவனா இருந்தா?"

"இருக்கலாம்."

"அவன்கிட்ட என்ன சொன்ன?"

"நீ சொன்னது எனக்குக் கேட்டுச்சு, குடின்னு சொன்னேன்."

எனக்கு உன்னை அறையவேண்டும் போல இருந்தது. நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய்.

"அன்னிக்கு அந்தக் கூட்டம் எங்கிட்டயும் கேட்டுச்சுடி. இவன் உன் புருசனான்னு. சிங்களத்துல, இந்த ஆள எனக்குத் தெரியாதுன்னு சொன்னேன். அவரு என்னையவே பாத்துக்கிட்டு நின்னாரு. என்னைப் பொறுத்துக்கோ சாமின்னு ரெண்டு வருசமா முட்டி தேயக் கேக்குறேன். அவனப் புடிச்சுக் குடுத்துட்டு, எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுத் திரும்பப் போய்க் கேப்பேன்?"

சித்தப்பாவிடம் பொய் சொன்னதற்கு மட்டும் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்ததாகச் சொன்னாய். அதன் பிறகு நாம் இதைப் பேசவேயில்லை. உன்னைப் பார்க்கும்போதெல்லாம் என் தொண்டை வரைக்கும் கேள்வி வரும். சவரிமுத்துவைக் கொன்றதைப் பொறுக்க உனக்கு யார் உரிமை கொடுத்தது? கேட்காமலே உன்னை அடக்கம் செய்துவிட்டேன்.

முந்தாநாள் பூசை முடிந்து எல்லோரும் போன பிறகு, சித்தப்பா மட்டும் வாசலில் நின்றார். இப்போது கம்பு ஊன்றித்தான் நடக்கிறார்.

"அன்னிக்குத் தோணியில அந்தப் பய என்ன சொன்னான்னு உங்கிட்டயாவது சொன்னாளா?"

மகனைப் பறிகொடுத்தவர். உண்மையைக் கேட்க அவரைவிட உரிமை யாருக்கு இருக்கிறது? சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். அவர் கை கம்பை இறுக்கிக்கொண்டிருந்தது.

"அக்கா சொன்னதுதான் சித்தப்பா. வேற ஒண்ணுமில்ல."

"சரித்தா" என்று சொல்லிப் போய்விட்டார். முதுகு முன்னைவிட வளையவும் இல்லை, நிமிரவும் இல்லை.

என் கோபம் ஆறவில்லை அக்கா. அந்த இளையவனை நான் இன்னும் பொறுக்கவில்லை. ஆனால், நீ மறைத்ததை இனி மறைக்கவேண்டியவள் நான். வருகிற சனிக்கிழமை சாமியாரிடம் போய், ஒரு கிழவரிடம் பொய் சொன்னேன் என்று முழந்தாளிடுவேன். அது தவறு என்று என்னால் வருந்த முடியுமா என்றுதான் தெரியவில்லை.